ஜாக் ஏறுதுல்ல, அப்புறம் என்ன?

"உங்க வீட்டு கரண்ட் சரியில்லண்ணே."

இதைக் கேட்டு மூன்று நாளாகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்த சித்தப்பா மகன், என் மாடியறையில், என் மேசையில், என் கண்ணெதிரே தன் இசைப் பெட்டியைத் தானே கொன்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி சொன்ன வசனம் அது. கும்பகோணத்து கரண்ட் சரியில்லையாம். பெங்களூரில் இப்படியெல்லாம் ஆகாதாம்.

ஏன்டா தம்பி, தெருக்கம்பத்தில் வருகிற 230 வோல்ட்டுக்கும் உன் பெட்டி செத்ததுக்கும் என்னடா சம்பந்தம்? நடுவில் அடாப்டர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதன் முதுகில் 100-240 என்று அச்சடித்திருக்கிறதே, அது யாருக்காம்? சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கி அம்மாவின் மிக்ஸி முனகும்போதும் அந்த அடாப்டர் அதுபாட்டுக்குத் தன் 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். இந்த ஊர் கரண்டைத் திட்ட எனக்கே ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் செய்யாத குற்றத்துக்கு அதைத் தூக்கில் போட விடமாட்டேன்.

குற்றவாளி யார் என்று மாடுலர் சிந்தசைசர், அதாவது தனித்தனிப் பெட்டிகளைக் கேபிளால் கோத்துச் சத்தம் எழுப்பும் வாத்தியம், வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியும். மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டை. அந்தப் பாழாய்ப்போன ஓட்டை.

போனுக்கு ஹெட்போன் சொருகுவதும் அதில்தான். அங்கே ஒரு வோல்ட் வந்தாலே காது கிழியும். வீட்டு டேப்ரிக்கார்டர் காலத்து லைன் அவுட்டும் அடாப்டர் கேபிள் போட்டு அதில்தான் வந்து நிற்கும். அது அரை வோல்ட்டைத் தாண்டினால் பெரிய விஷயம். யூரோராக் என்கிற மாடுலர் வகையில் அதே ஓட்டையில் ப்ளஸ் ஐந்துக்கும் மைனஸ் ஐந்துக்கும் இடையே சத்தம் ஆடும். சுரத்தைத் தொடங்கு என்று சொல்லும் கேட் சிக்னல் சிலரிடம் 5 வோல்ட், சிலரிடம் 8, சிலரிடம் 10. மைக்ரோகண்ட்ரோலர் வைத்துச் செய்த குட்டிப் பெட்டிகள் பல 3.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் மூச்சை நிறுத்திக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டை, ஒரே கேபிள், ஒரே 'டக்' சத்தம். குழந்தைக்குப் பால் புகட்டும் புட்டியிலும் ஆசிட் பாட்டிலிலும் ஒரே மூடியைப் போட்டு விற்பார்களா யாராவது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலேகால் மணி. தம்பி உள்ளங்கை அளவு சாம்ப்ளர், சத்தத்தைப் பிடித்து வைத்துத் திருப்பி வாசிக்கிற பெட்டி, ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். ஆன்லைனில் வாங்கியது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 'யூரோராக்குக்கு ஏற்றது'. ஆமாம், ஏற்றதுதான், ஜாக் வரைக்கும். சிவி, அதாவது பெட்டியை ஆட்டுவிக்கிற வோல்ட், உள்ளே வரும் இடத்தில் 0 முதல் 3.3 வோல்ட் வரைதான் என்கிற சேதி கையேட்டின் கடைசிப் பக்கத்தில், அரிசியில் பெயர் எழுதுகிற ஆள் அச்சடித்த மாதிரி ஒரு வரியில் இருந்தது. அதைப் பிற்பாடு பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.

காபி எடுக்கக் கீழே போனேன். இரண்டு டபராவோடு மாடி ஏறி வாசலில் நிற்கிறேன். தம்பி கையில் மஞ்சள் கேபிள். அதன் ஒரு முனை நான் பெர்ஃப் போர்டில் சொந்தமாகச் சால்டர் செய்த எல்எஃப்ஓவின், மெதுவாக ஏறி இறங்கும் வோல்ட்டைத் தருகிற பெட்டியின், சதுர அலை அவுட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. ப்ளஸ் 12, மைனஸ் 12 சப்ளையில் ஓடுகிற டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐசி அது. ப்ளஸ் பத்தரைக்கும் மைனஸ் பத்தரைக்கும் எகிறிக் குதிக்கும். மறுமுனை சாம்ப்ளரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

"டேய், எத்தனை வோல்ட்னு பாத்தியா?"

"ஜாக் ஏறுதுல்லண்ணே, அப்புறம் என்ன?"

டக்.

திரை ஒரு தடவை மங்கியது. ஒரு தடவை பிரகாசமாக எரிந்தது, அணையப்போகிற திரி மாதிரி. பிறகு இல்லை. ஐசி மேல் விரலை வைத்தேன், இட்லிக் குண்டானிலிருந்து எடுத்த மாதிரி சூடு.

அந்த மூன்று விநாடியை முந்நூறு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை, காபியைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்து கேபிளைப் பிடுங்குகிறேன். ஆனால் வைக்க இடமில்லை, மேசை முழுக்க கேபிள். இரண்டாவது தடவை காபியோடே பாய்கிறேன். டபரா கவிழ்ந்து என் ஆடியோ மிக்சரும் சேர்ந்து சாகிறது. மூன்றாவது தடவை காபிக்கே போகவில்லை, ஆனால் அதற்குள் தம்பி வேறு ஏதோ அவுட்டைக் கண்டுபிடித்துவிட்டான். நாற்பதாவது தடவையில் வீட்டில் பாலே இல்லை. நூறாவது தடவையில் சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சரி, ஒரு விஷயம். அவுட் பக்கம் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுவது ஊர் வழக்கம். யார் எதை எங்கே சொருகினாலும் கரண்ட் அளவுக்கு மேல் பாயாது. என் எல்எஃப்ஓவில் அது இல்லை. அன்றைக்குக் கையில் இல்லை, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது. அது நாலு வருஷத்துக்கு முந்தைய அப்புறம். இருந்திருந்தால் அவன் பெட்டி பிழைத்திருக்கவும் கூடும். இதை அவனிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனாலும் கேட்கிறேன். உள்ளே வருகிற வழியில் காவல் போடாமல் ஒருத்தன் பெட்டி செய்து விற்பானா? இந்தப் பக்கம் வரப்பில் நடக்கிற சின்னப் பையனுக்குத் தெரிந்த விஷயம் இது. கொள்ளிடத்தில் வெள்ளம் போகிறது என்று கரையை வெட்டி நேரே நாற்றங்காலில் விடுவோமா? ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மதகு இருக்கும். மதகைத் திறந்து மூட லஸ்கர் இருப்பார். அந்த மதகும் லஸ்கரும் இங்கே என்ன விலை தெரியுமா? ஒரு 22 கிலோ ஓம், ஒரு 10 கிலோ ஓம். இரண்டையும் வரிசையாகப் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் பத்தரை வோல்ட் 3.3க்குக் கீழே வந்து சாதுவாக நிற்கும். மைனஸ் பக்கம் வருவதைத் தரைக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுத்துவிட ஒரு ஷாட்கி டயோடு. எல்லாம் சேர்த்து ஒரு டீ விலைகூட ஆகாது. அதை மிச்சம் பிடித்துத்தான் அந்தக் கம்பெனி மாளிகை கட்டப்போகிறது போல.

இதற்கு நடுவில் அடுத்த தெருவில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நாகஸ்வரம் வந்து இறங்கியது. மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒருவர் திருவாரூர் பக்கம், ஒருவர் மாயவரம் பக்கம், அன்றைக்குத்தான் சேர்ந்து வாசிக்கிறார்கள் போலிருக்கிறது. உறையிலிருந்து வாத்தியத்தை எடுக்கும் முன்னாலேயே ஒருவர் மற்றவரைக் கேட்ட முதல் கேள்வி சுருதியைப் பற்றித்தான், "என்ன கட்டை?" உச்ச சுருதித் திமிரி நாகஸ்வரத்தையும் தாழ்ந்த சுருதிப் பாரியையும் ஒன்றாக ஊத முடியாது என்று அவர்களுக்கு யாரும் கையேடு போட்டுத் தரவில்லை. திருவையாற்று ஆராதனையில் அத்தனை பேர் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுகிறார்கள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீயில் முடிகிறவரை ஒரே சுருதி. யாராவது "வாய் திறக்குதுல்ல, அப்புறம் என்ன" என்று தன் கட்டையில் எடுத்தால் காவிரியில் தூக்கிப் போட்டுவிட்டு வருவார்கள். நம் ஆட்கள் மட்டும் கேட்கமாட்டார்கள். ஓட்டையைக் கண்டால் சொருகு.

சுருதி என்று வந்துவிட்டதால் இதையும் கொட்டிவிடுகிறேன். சிந்தசைசரில் சுரத்தின் உயரத்தைச் சொல்வது வோல்ட்தான். சிந்தசைசர் செய்த அமெரிக்கர் மோக் வழியில் வந்தவர்கள் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்றார்கள். ஒரு அரைச்சுரத்துக்கு 0.0833 வோல்ட், சில்லறை இல்லாத கண்டக்டர் மாதிரி ஒரு கணக்கு. இன்னொரு அமெரிக்கரான புக்லாவின் 200 வரிசையில் 1.2 வோல்ட். பன்னிரண்டு அரைச்சுரம், ஆளுக்கு 0.1 வோல்ட், கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த ஏற்பாடு. இரண்டும் தனித்தனியாக நியாயம்தான். புக்லாவைக் கொண்டுபோய் மோக் வழிப் பெட்டியில் சொருகினால், மேல் ஸட்ஜத்தில் நிற்கவேண்டியது மேல் ரிஷபத்தையும் தாண்டிப்போய், காந்தாரத்துக்கும் வந்து சேராமல் திரிசங்கு மாதிரி தொங்கும். 1978இல் வந்த கோர்க் எம்எஸ்-20 இன்னொரு தினுசு. அதில் ஸ்தாயிக்கு ஸ்தாயி வோல்ட் இரட்டிக்கும்: 1, 2, 4, 8. அதை ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் கேட்கிற நம் ஆசிலேட்டரில், சத்தம் பிறக்கிற பெட்டியில், கொடுத்தால் முதல் ஸ்தாயி சரியாக ஏறும், அடுத்தது இரண்டு ஸ்தாயி பாயும், அதற்கடுத்தது நாலு. கேட் சிக்னலும் அப்படித்தான், மற்றவர்கள் வோல்ட்டை ஏற்றினால் சுரம் தொடங்கும், அதில் தரையோடு ஷார்ட் செய்தால்தான் தொடங்கும். அந்தக் காலத்து மோக்கும் அதே குணம்தான். இதிலெல்லாம் பெட்டி சாகாது, மானம்தான் போகும்.

சிவப்புக் கோடு! அதை எப்படி மறந்தேன்? யூரோராக் மாடுலுக்குக் கரண்ட் கொடுக்கிற ரிப்பன் கேபிளில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதே, அது எது? மைனஸ் 12. மைனஸ்! சிவப்பு என்றால் ப்ளஸ் என்று எங்கள் தெரு சைக்கிள் கடைப் பையனுக்குத் தெரியும். 1990களின் நடுவில் ஜெர்மன் கம்பெனி டோப்ஃபரின் ஏ-100 கொண்டு வந்த ஏற்பாடு இது, இன்றைக்கும் உலகமே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. எத்தனை மாடுல்கள் திருப்பிச் சொருகப்பட்டுப் புகையாகப் போயிருக்கும், அதற்கெல்லாம் யார் திதி கொடுப்பது?

நண்பர் ஒருவரிடம் பனானா ஜாக் வைத்த பெட்டி இருக்கிறது. அதில் ஒற்றைக் கம்பிதான் போகும், தரைக்கென்று தனிக் கம்பி இரண்டு பெட்டிக்கும் நடுவே இழுக்க வேண்டும். போன மார்கழியில் அதை இழுக்காமல் மூன்று மணி நேரம் "சுரம் ஏன் நிற்கமாட்டேங்குது, சுரம் ஏன் நிற்கமாட்டேங்குது" என்று இரண்டு பேரும் புலம்பினோம். கடைசியில் அவர் எழுந்து, தரைதானே வேண்டும், சேர்த்துவிட்டால் போச்சு என்று இரண்டு பெட்டியின் ப்ளஸ் 12ஐயும் ஒன்றாக முடிச்சுப்போடப் போனார். தரையை மட்டும்தான் சேர்க்கலாம், சப்ளைகளைச் சேர்த்தால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் என்று கத்திக் கையைப் பிடித்தேன். அவரிடம் நன்றாகப் படித்த பட்டம் ஒன்று இருக்கிறது.

தம்பி நேற்றுக் காலை ரயிலேறிவிட்டான். செத்த பெட்டியை என்னிடமே விட்டுவிட்டான், "முடிஞ்சா பாருங்கண்ணே". ஐசி மாற்றணும். மாற்றுகிறேன். முதல் வேலையாக அந்த 22ஐயும் 10ஐயும் போடுகிறேன். இரண்டாவது வேலையாக யாருக்கும் தெரியாமல் என் எல்எஃப்ஓவில் அந்த 1 கிலோ ஓம்.

இன்றைக்கு மத்தியானம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ்.

"அண்ணே, எம்எஸ்-20 மினி ஒண்ணு கம்மி விலைக்கு வருது. வாங்கிடவா? பழசுல பெரிய ஜாக்காம். இதுல நம்ம ஜாக்தான், அப்படியே சொருகிக்கலாம்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. மாடியில் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைக் கேட்டு அம்மா கீழேயிருந்து, "என்னத்தடா சொருகின? இங்க மிக்ஸி ஓடமாட்டேங்குது!" என்கிறாள். ஆமாம்மா, எல்லாம் நான்தான்.

அதுகூடப் பரவாயில்லை. ஆராதனைக்குப் போய்விட்டு வரும்போது இவனுக்காகத் திருவையாற்றிலிருந்து அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கி வந்தேன். நெய் விரலில் வழிகிற பதம், இளஞ்சூடு. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அதைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஃப்ரிட்ஜில்! இப்போது எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக நெய் உறைந்து செங்கல் மாதிரி இருக்கிறது. ஸ்பூன் வளைந்துவிட்டது.