முகத்துவாரத்தைக் காணோம்

எங்கள் தெரு கடல்மட்டத்திலிருந்து 11 மீட்டர் உயரத்தில் இருக்கிறதாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அப்படித்தான் சொல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தெருவில் முழங்கால் தண்ணீரில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவன் நான்.

கோளாறு எங்கே என்று தெரியும். வரைபடம் போடுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் எடுத்த அளவு அது. ரேடாருக்குத் தரையும் மொட்டை மாடியும் ஒன்றுதான். எதில் பட்டுத் திரும்புகிறதோ அதுவே உயரம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கிற திருவொற்றியூரில், 30 மீட்டர் கட்டம் ஒன்றுக்குள் தரையைவிடக் கூரைதான் அதிகம் விழும். போதாததற்கு எல்லாமே முழு மீட்டர் கணக்கு. இங்கே தண்ணீர் வாசற்படிக்கு மேலா கீழா என்பது அரையடி விவகாரம்.

அந்தப் பிப்ரவரியில் எண்ணூரில் காமராஜர் துறைமுகம் திறக்கவில்லை. காட்டுப்பள்ளியில் துறைமுகமே இல்லை. சுனாமி வர இன்னும் ஏறக்குறைய ஐந்து வருஷம் இருந்தது. அந்தக் கரையை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ‘எந்த ஏரியா மூழ்கும்’ என்று சிவப்பும் நீலமும் பூசிய படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. படத்தை அனுப்பும் யாரும் அடியில் இருப்பது எந்த வருஷத்துத் தரவு என்று கேட்பதில்லை.

இலவசத் தரவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நான் தொழில் கற்றதே அதில்தான். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு 2011க்குப் பிறகு எடுத்தது, எவ்வளவோ மேல். அதிலிருந்து கட்டடத்தையும் மரத்தையும் கணக்குப் போட்டுக் கழித்த ஃபேப்டெம் என்று ஒன்றும் இருக்கிறது. நம் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் எடுத்தது இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கிறது. தரைக்கு ஏதோ ஒப்பேற்றிவிடலாம்.

கடலுக்குத்தான் வழியில்லை.

போன மாதம் எண்ணூரில் மாமாவிடம் லேப்டாப்பைக் காட்டினேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். திரையில் ஜெப்கோ ஓடிக்கொண்டிருந்தது. உலகக் கடல் முழுக்க ஆழம் காட்டும் இலவசத் தரவு அது. 1903இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தொடங்கிவைத்த வேலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குள் போகிற மாதிரி குனிந்து பார்த்தார்.

“இன்னாடா இது, முகத்துவாரத்தையே காணோம்?”

காணாதுதான். ஜெப்கோவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர். கொசஸ்தலையாறு கடலில் சேரும் வாய் மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. கப்பலுக்காகத் தோண்டிய பாதை, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தூண்டில் வளைவுகளுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்கள்) நடுவே மணல் சேர்ந்த இடம், சேராத இடம், எதுவும் அந்தக் கட்டத்தில் தெரிய வழியில்லை. மாமா விரலை வைத்து, “இங்க ரெண்டு பாகம், இந்தாண்ட சேறு, அதத் தாண்டினா மூணு பாகம்” என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு பாகம் என்றால் ஏறக்குறைய ஆறடி ஆழம். அவர் விரல் நகர்ந்த அத்தனை தூரமும் திரையில் ஒரே நீலம்.

இத்தனை செயற்கைக்கோள் இருந்தும் ஏன் இப்படி? ரேடார் தண்ணீருக்குள் போகாது. அளவெடுக்கும் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது, தரை தட்டும். தண்ணீரின் நிறத்தை வைத்து ஆழம் கணிக்கும் முறையும், தண்ணீரை ஊடுருவி அளக்கும் பச்சை லேசரும் லட்சத்தீவு மாதிரித் தெளிந்த கடலுக்குச் சரி; எண்ணூர் கலங்கலில் இரண்டும் கண்ணை மூடிக்கொள்ளும். ஆக, நம் ஜனங்கள் வலை போடுகிற, புயல் அலை உடைந்து ஏறி வருகிற அந்த முதல் சில பாகம்தான் பொதுத் தரவில் ஓட்டை.

இதில் இன்னொரு வில்லங்கம். கடல் வரைபடத்தின் பூஜ்யம் வேறு, தரையின் பூஜ்யம் வேறு. கடலில் நீர் நன்றாக வற்றி இறங்கும் மட்டத்திலிருந்து ஆழம் எண்ணுவார்கள், கப்பல் தட்டக்கூடாது என்பதற்காக. தரையில் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து உயரம் எண்ணுவார்கள். இரண்டையும் அப்படியே ஒட்டினால் கரையில் இல்லாத படி ஒன்று முளைக்கும். நானே ஒருமுறை அப்படி ஒட்டி, வெள்ள நீர் ஏறாத அழகான படம் ஒன்றைப் போட்டு, பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

அளவே எடுக்காமலா இருக்கிறார்கள்? துறைமுகத்தில் தூர்வார முன்னும் பின்னும் ஆழம் அளக்காமல் வேலையே நடக்காது. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் ஆழ வரைபடம் வரும், ஆனால் எண்ணாக வராது. மங்கலான படமாக ஒட்டியிருப்பார்கள். பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. டேராடூனில் அச்சாகும் கடல் வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் கப்பல்கள் வந்துபோகின்றன. ஐரோப்பா தன் கடலின் ஆழத்தை ஏறக்குறைய 115 மீட்டர் கட்டத்தில் சும்மா தருகிறது. அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா, விமானத்திலிருந்து லேசரால் அளந்த கரையோரத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள விடுகிறது. நம் ஊரில் 2021இல் நிலவரைபட விதிகளைத் தளர்த்தினார்கள், நல்லதுதான். அந்தத் தளர்வு கரையோர ஆழத்தை எண்ணாக வெளியிடும் வரை வரவேண்டும். தூண்டில் வளைவு போட்டால் எங்கே மணல் சேரும், எந்தக் குப்பம் அரிக்கும் என்ற கேள்விக்கு, போடுகிறவரும் குப்பத்துக்காரரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசட்டும். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. அந்தக் கணக்கை எங்கள் பக்கம் இன்னும் கருங்கல்லாகக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

மாமாவுக்கு வெறும் கரைக்கோடு மட்டும் போட்டு ஏ3 தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். பென்சிலால் பாகம் குறித்துக்கொண்டிருக்கிறார். அத்தை தாளின் மேல் மீன் தட்டை வைத்துவிட்டதில் காட்டுப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் எண்ணெய். வேறு தாள் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகவேண்டும்.