கமெண்ட்தானே என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

"கமெண்ட்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்." கோடில் எழுதிவைக்கும் விளக்கக் குறிப்பைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

துரைப்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில், உள்ளேயே எழுதிய ரிக்ரஷன் லைப்ரரி ஒன்று இருக்கிறது, அதாவது டேட்டாவை வைத்து ஒரு மதிப்பைக் கணிக்கும் கோட் தொகுப்பு. எல்லா டீமும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதில் ரிட்ஜ் என்று ஒரு ஃபங்ஷன், கோஎஃபிஷியன்ட்கள் (ஒவ்வொரு மாறிக்கும் மாடல் தரும் எடைகள்) எகிறாமல் பெனால்டி போட்டு அடக்குவது. அதற்கு மேலே ஒரு கமெண்ட்: ஆல்ஃபா என்ற அமைப்பெண் கூடினால் பெனால்டி குறையுமாம். கோட் செய்வது நேர் எதிர். ஆல்ஃபாவை ஏற்ற ஏற்றக் கோஎஃபிஷியன்ட்கள் சுருங்கும். 1970இல் ஹோர்லும் கென்னார்டும் ரிட்ஜைக் கொண்டுவந்ததிலிருந்து கணக்கு அதுதான். ஆம்-இல்லை என்று கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கு எழுதிய கமெண்டை யாரோ அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள். சைகிட்-லேர்ன் என்ற பைதான் லைப்ரரியில் லாஜிஸ்டிக்குக்கு வரும் 'சி' என்ற அமைப்பெண் தலைகீழ். அது கூடினால்தான் பெனால்டி குறையும். போதாததற்கு, ஆர் மொழியின் ஜிஎல்எம்நெட் பேக்கேஜில் பெனால்டியின் அளவு லாம்டா. ஆல்ஃபா என்றால் ரிட்ஜையும் லாஸோ என்ற இன்னொரு பெனால்டி முறையையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பது. இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே புதிதாக வருகிறவர் கமெண்டை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

நம்பித்தான் ஒரு பெண் மாட்டிக்கொண்டார். சென்னை வீட்டு விலை மாடல். சதுர அடியும் படுக்கையறை எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறும், அதனால் கோஎஃபிஷியன்ட்கள் தாறுமாறாக ஆடும். அதை அடக்கத்தான் ரிட்ஜ். பெனால்டியைக் கூட்ட நினைத்து, கமெண்ட் சொன்னபடி அவர் ஆல்ஃபாவைக் குறைத்துக்கொண்டே போக, வேளச்சேரியில் ஒரு அறை கூடினால் விலை பல லட்சம் இறங்கும் என்று வந்து நின்றது. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "அடிப்படையே தெரியாதா?" என்று அவரைத்தான் கேட்டார்கள். கமெண்டை எழுதியவரை யாரும் கேட்கவில்லை.

திருத்தி அனுப்பினேன். ரிவ்யூவில் வந்த பதில்: டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறதே, என்ன அவசரம்? ஐயா, டெஸ்ட் கமெண்டைப் படிக்காது! மனுஷன்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு இடம் இதைவிட ஆபத்து. எச்ச மாறுபாட்டை (கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசங்களின் பரவல்) கணக்கிட, அந்த வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி 'என்' ஆல், அதாவது டேட்டா வரிகளின் எண்ணிக்கையால், வகுப்பதாகக் கமெண்ட் சொல்கிறது. கோட் சரியாக, அதிலிருந்து கோஎஃபிஷியன்ட்களின் எண்ணிக்கையைக் கழித்துவிட்டு வகுக்கிறது. நாளைக்கு யாராவது கமெண்டைப் பார்த்து கோடை "சரிசெய்தால்" என்ன ஆகும்? 30 வரி டேட்டா, இன்டர்செப்டோடு (மாறாத தொடக்க எண்) சேர்த்து 10 கோஎஃபிஷியன்ட் என்று வையுங்கள். 20ஆல் வகுக்க வேண்டியதை 30ஆல் வகுத்தால் ஸ்டாண்டர்ட் எரர் (கோஎஃபிஷியன்ட் எவ்வளவு தவறலாம் என்ற அளவு) சுமார் 18 சதவீதம் குறைந்துவிடும். பி மதிப்பும் (மாறிக்கு விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) கூடவே இறங்கும். ஒன்றுக்கும் உதவாத மாறியெல்லாம் முக்கியமானது மாதிரி தெரியும். அதை நம்பி ஒருவர் முடிவெடுப்பார்.

"கோட் தெரிந்தவன் கோடையே படிச்சுக்குவான்" என்கிறார் சீனியர். அப்படியானால் கமெண்டை மொத்தமாக அழித்துவிடுங்கள், எனக்குச் சம்மதம். பொய்யை மட்டும் வைத்திருக்காதீர்கள். சில வரி மாற்றம், கணக்கோடு விளக்கமும் எழுதியிருக்கிறேன். திறந்து படித்துவிட்டு அப்ரூவ் பண்ணுங்கள் சார்.