சுடர் ஊளையிடும் இடத்தில் பாடம் எடுங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய். அதை நிமிர்த்திப் பிடித்து, அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் கம்பி வலை ஒன்றைச் செருகி, வலை சிவக்கும்வரை பர்னரைக் காட்டுவேன். பர்னரை விலக்கிய மறுகணம் குழாய் ஊளையிடும். வகுப்பின் ஜன்னல் கண்ணாடி அதிரும். குழாயைப் படுக்கவைத்தால் ஒலி சட்டென்று நின்றுவிடும். நிமிர்த்தினால், வலையில் சூடு இருக்கும்வரை மறுபடியும் எழும். 1859இல் டச்சு இயற்பியலாளர் ரைக்கே கண்ட வித்தை இது. இப்போதெல்லாம் இதைக் காட்டி முடித்ததும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: “சார், இந்த ஊளையை அடக்கும் வேலையை ஒரு நியூரல் நெட்வொர்க்கிடம், அதாவது தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரலிடம், ஒப்படைத்துவிட்டால் என்ன?”

ஒப்படைக்கலாம். ஆனால், அதற்கு எங்கே பாடம் எடுத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் என் சம்மதம்.

காற்று அழுந்தும் நேரம் பார்த்து வெப்பம் சேர்ந்தால் ஒலி வளரும்; விரியும் நேரத்தில் சேர்ந்தால் தேயும். 1878இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே சொன்ன விதி இது. குழாயில் நடந்தால் வேடிக்கை. எரிவாயுவை எரித்துச் சுழலும் மின்நிலையத்து கேஸ் டர்பைனில் நடந்தால் எரியறையின் உலோகம் விரிசல் விடும். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, எரிபொருள் குறைந்த கலவையை முன்கூட்டியே காற்றோடு கலந்து எரிக்கிறோம். காற்று மாசு குறைந்தது. சுடரோ சட்டென்று மிரளும் சுபாவத்துக்கு வந்துவிட்டது.

அழுத்தத்தை அளந்து, எரிபொருளை எதிர்த்தாளத்தில் கூட்டிக் குறைத்து அதிர்வை அடக்கலாம். 1990களின் பிற்பகுதியிலேயே ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் தன் பெரிய டர்பைன்களில் இதைச் செய்துகாட்டியது. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. 200 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஒரு சுற்றுக்கு 5 மில்லிநொடிதான். வால்வில் புறப்பட்ட எரிபொருள் சுடரை எட்டவே சில மில்லிநொடி ஆகும். அந்தக் கணக்கு இரண்டரை மில்லிநொடி பிசகினால், அடக்க வந்த கையே ஊஞ்சலை இன்னும் வேகமாகத் தள்ளிவிடும். டர்பைனின் சுமை மாறினாலும் எரிவாயுவின் சேர்மானம் மாறினாலும் இந்தத் தாமதம் மாறும். மாறும் தாமதத்தைக் கற்றுப் பின்தொடரும் திறன் நியூரல் நெட்வொர்க்குக்கு உண்டு. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் கோபம் பயிற்சித் தரவைப் பற்றியது. ஓடும் டர்பைனை யாரும் அதிரவிட மாட்டார்கள். ஆபத்தின் வாடை அடித்ததுமே சுமையைக் குறைத்துவிடுவார்கள். அதனால் சேரும் தரவெல்லாம் அமைதியான நாள்களின் தரவு. அமைதியை மட்டுமே பார்த்து வளர்ந்த ஒன்றின் கையில், கொந்தளிக்கும் நேரத்தில் எரிபொருள் வால்வைக் கொடுப்பதா? ஓடிக்கொண்டே கற்றுக்கொள்ளட்டும் என்பவர்களும் உண்டு. கற்பதற்கு வால்வை ஆட்டிப் பார்க்க வேண்டுமே! அந்த ஆட்டம் தவறிய தாளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடம் நான் இதுவரை நேரான பதில் பெற்றதில்லை.

மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினை நினைத்துக்கொள்கிறேன். 1962 ஜூனில் ஒரு சோதனையில் எரிதல் நிலைகுலைந்து எஞ்சினே போனது. அதன்பின் பொறியாளர்கள் அமைதியான ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சிறு வெடிகுண்டை வெடித்து, வேண்டுமென்றே அதிர்வைக் கிளப்பி, அது எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார்கள். ஏறத்தாழ 2000 முழு அளவுச் சோதனைகள். எரிபொருள் பீய்ச்சும் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் அதிர்வு தானே அடங்கும் வடிவத்தைக் கண்டார்கள். கணினி இல்லாமல் அடக்க முடிந்ததை முதலில் அப்படி அடக்கிவிட வேண்டும் என்பதும் என் பிடிவாதம்.

அந்தத் துணிச்சல் இன்று ஆய்வகங்களில் வேண்டும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜித்தின் குழு காட்டியது நல்ல வழி: முழு அதிர்வுக்கு முன்பே, வெறும் இரைச்சலுக்கு நடுவே சீரான அதிர்வு விட்டுவிட்டு வெடித்து அடங்குகிறது. அந்த விளிம்பில்தான் நெட்வொர்க்குக்குப் பாடம் எடுக்க வேண்டும். வால்வு எவ்வளவு அசையலாம் என்ற எல்லையையும் எரிபொருளை அடியோடு நிறுத்தும் அதிகாரத்தையும் அதனிடம் கொடுக்கக் கூடாது. அவை எளிய, கற்காத தனிச் சுற்றிடம் இருக்கட்டும்.

அந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்ட மாணவி, மின்சாரத்தில் சூடேறும் கம்பிச் சுருளைக் குழாயில் பொருத்தி, மைக்ரோபோனும் ஒலிபெருக்கியும் வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். பயிற்சி முடிந்த மறுநாள் குழாயின் நீளத்தை மாற்றிவிட்டு, அவளுடைய நெட்வொர்க் என்ன செய்கிறது என்று இருவரும் பார்க்கப்போகிறோம்.