பழைய செல்போன் படங்களும் இன்றைய டிவியும்

டிஜிட்டல் படங்கள் நாளாக நாளாகத் தானாகவே மங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாயம் வெளுப்பது காகிதப் படத்துக்குத்தான். கோப்பை அப்படியே நகலெடுத்தால் எதுவும் குறையாது. ஒகேனக்கல் அருவி முன்னால் நின்று விஜிஏ என்ற பழைய, தெளிவு குறைந்த கேமரா உள்ள போனில் எடுத்த குடும்பப் படம் எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கும், அது 640க்கு 480 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி), மொத்தமே சுமார் 3 லட்சம், அன்றைய குட்டித் திரைக்கு அதுவே தாராளம், அதையே இன்று சுமார் 83 லட்சம் பிக்சல் உள்ள 4கே டிவியில் போட்டால் இல்லாததை டிவிதான் இட்டு நிரப்புகிறது, முகம் எப்படித் தெளிவாக இருக்கும்?

அப்புறம், உண்மையான சேதம் பகிர்வதில் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே படம் சுருங்கும், வாங்கியவர் வெட்டி, எழுத்துப் போட்டு மறுபடி ஜேபெக்காக (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) சேமித்தால் இன்னும் கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது. தாத்தா படத்தைப் பெரிதாக்கி மாட்ட தர்மபுரி ஸ்டூடியோக்களுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து குரூப்பில் வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். எடுத்த போனோ மெமரி கார்டோ வீட்டில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள், கிடைத்தால் மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் சுருங்காமல் போக டாக்குமென்டாக அனுப்புங்கள், பென்டிரைவிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள்.