சனிக்கிழமை ராத்திரியை மத்தியானமே கெடுத்துவிடுகிறார்கள்

டிக்கெட்டில் 7 மணி என்று போட்டிருக்கும். 7 மணிக்கு என்ன நடக்கும் என்று மட்டும் எங்கேயும் போட்டிருக்காது. கதவு திறக்கும் நேரமா? முதல் குழு மேடையேறும் நேரமா? யாருக்காகக் காசு கொடுத்தோமோ அவர்கள் பாட ஆரம்பிக்கும் நேரமா? வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர் சனிக்கிழமை ஒரு ராத்திரியாவது நேரில் பாட்டுக் கேட்கலாம் என்று 6.45-க்கே வந்து வரிசையில் நிற்கிறார். கதவு திறக்க 7.30. முதல் குழு 8.30. முக்கியமான குழு 9.45. எல்லோரும் காத்திருக்கும் பாட்டு கடைசியில்தான் வரும். அதற்குள் கடைசி ரயில் கிளம்பிவிடும். முழு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு முக்கால் கச்சேரியில் எழுந்து ஓடுகிற ஜனங்களை எந்த ஊரில் வேண்டுமானாலும் பார்க்கலாம். வயிறு எரிகிறது.

நிகழ்ச்சி அமைப்பாளர்களைக் கேட்டால் "டெக்னிக்கல் பிரச்சினை" என்பார்கள். அப்பட்டமான சாக்கு. நேரக் கணக்குப் போடவில்லை, அதுதான் பிரச்சினை. 5 பேர் கொண்ட ஒரு குழுவுக்குக் கணக்கு இதுதான். சாமான் இறக்கி, ஸ்பீக்கர் நிறுத்தி, கேபிள் இழுத்து, மின்சாரம் கொடுத்து முடிக்க 2 மணி நேரம். பிறகு லைன் செக், அதாவது ஒவ்வொரு மைக்கும் மிக்ஸரில் (எல்லா ஒலியையும் கலந்து கட்டுப்படுத்தும் மேசை) அதற்குரிய சேனலில்தான் வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது, 15 நிமிடம். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு வாத்தியமும் குரலும் எப்படிக் கேட்கிறது என்று சரிசெய்யும் சவுண்ட் செக்கே. டிரம்ஸுக்கு மட்டும் 20 நிமிடம் வேண்டும், ஏனென்றால் கிக், ஸ்னேர், ஹை-ஹாட், டாம், தலைக்கு மேலே இரண்டு என்று அதற்கு மட்டும் 7, 8 மைக். பேஸுக்கு 5, கிட்டாருக்கு 5, கீபோர்டுக்கு 5. பாடகர்களுக்கும் மேடை மானிட்டர்களுக்கும், அதாவது மேடையில் இருப்பவர்களுக்கே தங்கள் ஒலி கேட்பதற்காக அவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்களுக்கும், சேர்த்து 25. கடைசியாக எல்லோரும் சேர்ந்து இரண்டு பாட்டு, ஒன்று அதிரடி, ஒன்று மெதுவானது, அதற்கு 15. கூட்டிப் பாருங்கள், மொத்தம் மூன்றரை மணி நேரம். ஏதாவது ஒரு கேபிள் செத்துப் போகும், அதற்கு அரை மணி கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, 7 மணிக்குக் கதவு திறக்க வேண்டுமென்றால் 3 மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும். இவர்களோ அரங்கத்தை 5 மணியிலிருந்துதான் வாடகைக்கு எடுக்கிறார்கள். இரண்டு மணி நேர வாடகையை மிச்சம் பிடித்து, அந்தச் சுமையை வாசலில் நிற்கிறவன் தலையில் இறக்கி வைக்கிறார்கள்.

இதில் ஒரே மேடையில் மூன்று குழு என்றால் கேட்கவே வேண்டாம். சவுண்ட் செக்கைத் தலைகீழாகத்தான் செய்ய வேண்டும். கடைசியில் வாசிக்கப்போகிறவர்கள் முதலில், முதலில் வாசிக்கப்போகிறவர்கள் கடைசியில். அப்போதுதான் கதவு திறக்கும்போது முதல் குழுவின் சாமான் மேடையில் தயாராக நிற்கும். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் நிகழ்ச்சி வரிசைப்படியே செக் செய்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி, ஜனங்கள் முன்னாலேயே மறுபடி பூட்டிக்கொண்டிருப்பார்கள். குழு மாறுவதற்கு 20 நிமிடம் போதும். மூன்று குழுவுக்கும் ஒரே டிரம் செட், ஸ்னேரையும் சிம்பலையும் மட்டும் அவரவர் கொண்டுவருவது என்று முன்கூட்டியே பேசி வைத்தால் 15 நிமிடமே தாராளம். யார் எங்கே நிற்பார்கள், எந்த மைக் எந்த எண் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒரு வாரம் முன்னால் அனுப்ப வேண்டும். மேடைத் தரையில் கலர் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு சுருள் டேப்பும் ஒரு தாளும்தான் செலவு. அதைக்கூடச் செய்யாமல் 40 நிமிடம் இருட்டில் நம்மை உட்காரவைக்கிறார்கள்.

அவசரமாகச் செய்த செக் என்ன செய்யும் என்பது முதல் பாட்டிலேயே காதைக் கிழிக்கும். அந்தக் 'கீஈஈ' என்ற சத்தம். மைக் வாங்கிய ஒலி ஸ்பீக்கரில் வருகிறது, ஸ்பீக்கரில் வருவதை மைக் மறுபடி வாங்குகிறது, சுற்றிச் சுற்றிப் பெருகிக் கீச்சிடுகிறது. இது பேய் பிசாசு வேலை இல்லை, தடுக்கக்கூடியது. ஆனால் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கிட்டார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்து முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார். அது அவர் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. காதுக்குச் சரியாகக் கேட்காததால் சத்தத்தைக் கூட்டுகிறார். அதில் பாடகிக்குத் தன் குரல் கேட்பதில்லை, "மானிட்டரில் என் குரலைக் கூட்டுங்கள்" என்று கை காட்டுகிறார். மானிட்டர் ஏறுகிறது, மைக் அலறுகிறது. அந்த ஆம்ப்ளிஃபயரை ஒரு நாற்காலி மேல் தூக்கிவைத்தாலோ பின்பக்கமாகச் சாய்த்து முகத்தைப் பார்க்கவைத்தாலோ இந்தச் சங்கிலியே அறுந்துபோகும். செக்கில் இரண்டு நிமிட வேலை.

மைக்கின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம் காது மந்தம், ஆகவே மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் மந்தமான இடம் நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில் இரண்டு பக்கமும் இருக்கிறது. மைக்கை மாற்றினால் மானிட்டரையும் நகர்த்தியாக வேண்டும். யார் நகர்த்துகிறார்கள்? அடுத்து, மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பாடும் பழக்கம். அந்த வலைக்குப் பின்னால் இருக்கும் துவாரங்கள் வழியாகத்தான் மைக் பின்பக்கச் சத்தத்தை ஒதுக்குகிறது. அதை அடைத்தால் நாலா பக்கமும் கேட்கிற மைக்காகிவிடும். பார்க்க ஸ்டைல், கேட்க நரகம். வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 10-க்கு நகர்த்தினாலே குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட இன்ஜினியர் ஏற்றினால் மேடையிலிருக்கும் மற்ற எல்லாச் சத்தமும் கூடவே ஏறும். யாரும் பாடாத மைக்குகளைத் திறந்தே விடுவது இன்னொரு கொடுமை. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், அலறாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும்.

இதைவிட மோசமானது, கோபத்தைத் தாண்டிப் பயமே வருகிற விஷயம் ஒன்று உண்டு. மேடை லைட்டுக்கும் சவுண்டுக்கும் ஒரே லைனில் மின்சாரம் எடுத்து, மிக்ஸருக்கு வேறெங்கோ இருந்து கொடுத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வரும். மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்தான் அது, கூடவே அதன் மடங்குகளும். லைட்டை மங்கவைத்தால் இரைச்சல் மாறும். சரியான வழி, மேடைச் சவுண்டுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம், லைட்டுக்குத் தனி லைன். அப்படியும் வந்தால் வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட வேண்டும், அது ஒலி கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும். அவசரத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை முறித்துப் போட்டுவிடுகிறார்கள். ஹம் போய்விடும். கிட்டார்காரரின் உயிருக்கு இருந்த காவலும் கூடவே போய்விடும். ஆம்ப்ளிஃபயரில் கசிவு ஏற்பட்டால் கையில் கிட்டார் கம்பி, உதட்டில் எர்த் ஆன மைக், நடுவில் மனித உடம்பு. பாடும்போது உதட்டில் சுள்ளென்று இழுக்கிறது என்று பாடகர் சொன்னால் அந்த நிமிடமே மின்சாரத்தை நிறுத்துங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்கிறவர் மேடைப் பக்கமே வரக்கூடாது.

வார்த்தை புரியவில்லை என்று குறை சொன்னால் "இந்த ஹால் அப்படி" என்று பதில் வரும். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதைதான். ஹாலின் குணம் ஹாலை எடுக்கும்போதே தெரியும் அல்லவா? நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டினால் போதும். பேச்சு நாடகத்துக்கு ஒலி தேய்ந்து அடங்கும் நேரம் 1 விநாடிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வசனம் தெளிவாக இருக்கும். மைக் இல்லாத பெரிய வாத்தியக் குழுவுக்கு 2 விநாடி அழகு. அந்த 2 விநாடிக் கூடத்தில் டிரம்ஸையும் பேஸையும் மைக் வைத்து முழக்கினால் ஒரு அடி அடங்குமுன் அடுத்த நான்கு அடி வந்து மேலே விழும். உடனே நாலு திரைச்சீலையைத் தொங்கவிடுவார்கள். சீலை உச்ச ஒலியைத்தான் உறிஞ்சும், அடித்தொனியைத் தொடக்கூட முடியாது. 'பூம் பூம்' அப்படியே இருக்கும், மிஞ்சியிருந்த தெளிவும் போய்விடும். வார்த்தையின் மெய்யெழுத்துகளைக் காதுக்குக் கொண்டுவருவது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதி. குரல் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த நடுப் பகுதியில் கிட்டாரையும் கீபோர்டையும் கொஞ்சம் இறக்கி வழிவிட்டால் குரல் தானாக முன்னால் வரும். செய்வது என்ன? குரலை ஏற்றுவது, பிறகு டிரம்ஸை ஏற்றுவது, பிறகு மறுபடி குரலை ஏற்றுவது.

இப்படி ஏறி ஏறி எங்கே போய் நிற்கிறது என்பதுதான் பெரிய அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, அதை நிகழ்ச்சி நடக்கும்போதே கருவி வைத்து அளக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும். எத்தனை அரங்கில் ஒரு மீட்டரையாவது கண்ணால் பார்த்திருக்கிறோம்? வேலை இடங்களுக்கு நிபுணர்கள் சொல்லும் கணக்கு இன்னும் கறார். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் நிற்கிறவரின் காதையும், வாரா வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு அங்கேயே தட்டு ஏந்தி வேலை பார்க்கிறவரின் காதையும் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் காதில் 'ஙொய்' என்று கேட்பது நல்ல கச்சேரியின் அடையாளம் இல்லை. காது அடிபட்டதன் அடையாளம். உட்காதின் நுண்மயிர்ச் செல் செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. தயவுசெய்து காதடைப்பான் எடுத்துப் போங்கள். ஸ்பாஞ்சு வகை என்றால் இரண்டு விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது உப்பும்வரை 30 விநாடி விரலை எடுக்காமல் பிடியுங்கள். அரைகுறையாகச் செருகினால் பயன் இல்லை.

நாடகக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? சனிக்கிழமை மாலை ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. மாலைக் காட்சிக்கு வயர்லெஸ் மைக்கில் போட்ட பேட்டரியோடே இரவுக் காட்சிக்கும் நடிகரை மேடையேற்றுவார்கள், உணர்ச்சி உச்சத்தில் வசனம் படபடத்து அறுந்துபோகும். காட்சிக்குக் காட்சி புது பேட்டரி, இடைவேளையில் மைக்கில் வியர்வை இறங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை, இவ்வளவுதான் கேட்கிறோம். இடைவேளை என்றதும் கழிவறைக் கணக்கு வருகிறது. 300 பேரில் 150 பெண்கள், அவர்களுக்கு 5 அறை. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 15 நிமிடத்தில் 50 பேர்தான் போய்வர முடியும். மீதி 100 பேர் தவிப்போடு இரண்டாம் பாதியைப் பார்ப்பார்கள், அல்லது வரிசையில் நின்று அதன் ஆரம்பத்தைத் தவறவிடுவார்கள். அப்படித் தவறவிட்டவரை வாசலில் தடுத்து, "தாமதமாக வந்தால் அனுமதி இல்லை" என்று கண்டிப்பு வேறு.

கடைசியாக, மிக்ஸர் மேசை. அரங்கின் ஒலியைத் தீர்மானிக்கிற மனிதர் அரங்கின் நடுக்கோட்டுக்குச் சற்று விலகி, மேடையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உட்கார்ந்தால்தான் நமக்குக் கேட்பது அவருக்கும் கேட்கும். அந்த இடத்தை நாற்காலி போட்டு விற்றுவிட்டு, அவரைப் பின் சுவரோடு ஒட்டி பால்கனிக்கு அடியில் தள்ளுகிறார்கள். சுவரோரத்தில் அடித்தொனி குவியும், பால்கனிக்குக் கீழே உச்ச ஒலி எட்டாது. அவருக்குப் பேஸ் அதிகமாகக் கேட்பதால் குறைக்கிறார், கூர்மை குறைவாகக் கேட்பதால் ஏற்றுகிறார், முன்னால் இருக்கிறவர் காதில் ஊசி இறங்குகிறது. அந்த மேசைக்கு 8 நாற்காலி இடம் போதும். 8 டிக்கெட் காசுக்காக அரங்கம் முழுவதையும் காதைப் பொத்திக்கொள்ள வைக்கிறார்கள்.