மஞ்சள் உடைக்கு ஏன் இத்தனை கூச்சம்?

படக்கதையைத் தழுவிய படம் என்றாலே, "யதார்த்தமாக எடுத்திருக்கிறார்கள்" என்பதைத்தான் உயர்ந்த பாராட்டாகச் சொல்கிறோம். கோலாலம்பூரில் இரவுக் காட்சி முடிந்து மாமாக் கடையில் (இரவிலும் திறந்திருக்கும் உணவுக்கடை) கூடும் எங்கள் நண்பர் வட்டத்திலும் இதே பேச்சுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. இயக்குநர் மூலத்தை மாற்றலாம், பல இடங்களில் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மாற்றம் கதை கேட்டதால் வந்ததா, படக்கதை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டதால் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

2008-இல் வெளிவந்த பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். படக்கதைகளில் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் பெரும்பாலும் இரசாயனத் தொட்டிக்குள் விழுந்து தோல் வெளுத்துப்போனவன். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் ஜோக்கரோ சாயத்தைத் தானே பூசிக்கொள்கிறவன். அந்தச் சாயம் நெற்றிச் சுருக்கங்களில் விரிசல் விட்டுத் திட்டுத்திட்டாகக் கலைந்திருக்கும். வாயோரத் தழும்பு எப்படி வந்தது என்று ஒருவரிடம் ஒரு கதையும் இன்னொருவரிடம் வேறொரு கதையும் சொல்வான். தொட்டியை எடுத்துவிட்ட நோலன், அதற்கு ஈடாக, பூர்வீகமே பிடிபடாத ஒரு மனிதனைக் கொடுத்தார். அதே படத்தில், தலையைத் திருப்ப முடிகிற புதிய கவசம் வேண்டுமென்று பேட்மேன் கேட்கும் காட்சியும் உண்டு. முந்தைய முகமூடிகளில் கழுத்து அசையாது. உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். தாளில் வரையும் ஓவியருக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. இவ்வகை யதார்த்தத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

2000-இல் வந்த 'எக்ஸ்-மென்' கதை வேறு. அதன் சாகச நாயகர்கள் அனைவருக்கும் கறுப்புத் தோலாடை மாட்டிவிட்டதோடு நில்லாமல், மூலத்தின் மஞ்சள் உடையைக் கேலி செய்ய ஒரு வசனத்தையும் வைத்தார்கள். கைமுட்டியிலிருந்து உலோக நகம் முளைப்பதை நம்புகிற பார்வையாளர் மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பமாட்டாரா? அந்த நகக்காரராக நடித்த அதே ஹியூ ஜாக்மன் 2024-இல் மஞ்சள் உடையில் வந்தபோது யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் 'மாட் சோம்' படக்கதை 1990-இலேயே படமானது. அவர் வரையும் மூன்று வளைவு மூக்கு எந்த நடிகருக்கும் வாய்க்காது, வாய்க்கவும் வேண்டியதில்லை. அந்தக் கதையின் உயிர், கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) கோலாலம்பூருக்குப் பிழைக்க வந்த இளைஞனின் தடுமாற்றத்தில் இருக்கிறது.

ஆனால் சிறுவயதில் நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி அப்படிப்பட்டவர் அல்லர், அவர் கதையின் உயிரே அந்த விசித்திரக் கையில்தான் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். உடுத்திய சட்டையும் எப்படிச் சேர்ந்து மறைகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. நாளை ஓர் இயக்குநர் வில்லனை மாற்றட்டும், காலத்தை மாற்றட்டும், கதையை நம் கிள்ளான் நகருக்கே கொண்டுவரட்டும். அந்தக் கை மட்டும் ஏன் மறையவில்லை என்று ஆய்வகத்தில் நின்று பத்து நிமிடம் பாடம் நடத்தினால் மட்டும், நான் பாப்கார்ன் வாங்க எழுந்து போய்விடுவேன்.