அந்த ஃபைல் எங்க இருக்கு?

அக்கா: தம்பி, எக்செல்ல ரிப்போர்ட் வரமாட்டேங்குது. ஆரக்கிள் டேட்டாபேஸைக் கண்டுபிடிக்க முடியலைன்னு ஓஆர்ஏ-12154 எரர்ல நிக்குது.

சப்போர்ட் தம்பி: சின்ன விஷயம்க்கா. நான் அனுப்பின வரியை டேட்டாபேஸோட பேரும் முகவரியும் இருக்கற டிஎன்எஸ்நேம்ஸ் டாட் ஓஆர்ஏ ஃபைல்ல சேர்த்துடுங்க.

அக்கா: நேத்தே சேர்த்தாச்சு.

தம்பி: என் மெஷின்ல வருதேக்கா.

அக்கா: அப்ப மாசக் கணக்கையும் உங்க மெஷின்லயே முடிச்சுடுங்க.

தம்பி: எந்த ஃபைல்ல சேர்த்தீங்க?

அக்கா: தேடினதுல ரெண்டு வந்துது. ஒண்ணு சாம்பிள்னு ஒரு ஃபோல்டர்ல. அதை விட்டுட்டு இன்னொண்ணுல சேர்த்தேன்.

தம்பி: அது 64 பிட் ஆரக்கிளோடது. உங்க எக்செல் 32 பிட். அது பார்க்கற 32 பிட் ஆரக்கிளுக்குன்னு தனி ஃபோல்டர் இருக்கு, அதுல நெட்வொர்க், அதுக்குள்ள அட்மின். அங்கதான் பார்க்கும்.

அக்கா: அங்க ஃபைலே இல்லையே!

தம்பி: ஆமா, நாமதான் உருவாக்கணும். லினக்ஸ்னா இந்தத் தொல்லையே இல்லக்கா, ஈடிசி ஃபோல்டர்ல ஒண்ணு போட்டா...

அக்கா: என் மேஜையில இருக்கறது விண்டோஸ். இருங்க... நோட்பேட்ல எழுதி வச்சுட்டேன். அதே நம்பர்தான் வருது.

தம்பி: என் மெஷின்ல...

அக்கா: அந்த வாக்கியத்தை முடிச்சீங்கன்னா மேனேஜரை உங்க மெஷினுக்கே அனுப்பிடுவேன்.

தம்பி: நோட்பேடா? பின்னாடி டாட் டிஎக்ஸ்டின்னு ஒட்டியிருக்கும். விண்டோஸ் அதை வெளிய காட்டாது.

அக்கா: ஒட்டறதும் அவனே, மறைக்கறதும் அவனேவா? சரி, எடுத்துட்டேன்... இப்ப வருது. ஆமா, ஃபைல் கிடைக்கலைன்னா எங்க தேடினேன்னு ஒரு வரி சொன்னா இந்தப் பழைய ஆரக்கிளோட கிரீடம் இறங்கிடுமா? வீடு பூட்டியிருந்தா தபால்காரர்கூட சீட்டு எழுதி வச்சுட்டுப் போறார்.

தம்பி: டிஎன்எஸ்பிங்னு ஆரக்கிளோட சோதனை புரோகிராம் ஒண்ணு இருக்கு, அதை ஓட்டினா எங்க தேடுதுன்னு பாதையைக் காட்டும்க்கா. 32 பிட் ஃபோல்டர்ல இருக்கற டிஎன்எஸ்பிங்கை ஓட்டணும், அவ்வளவுதான்.

அக்கா: அதுக்கும் ரெண்டா!

தம்பி: இல்லன்னா டிஎன்எஸ் அட்மின்னு என்விரான்மென்ட் வேரியபிள் ஒண்ணு இருக்கு, எல்லா புரோகிராமும் பார்க்கற விண்டோஸ் செட்டிங். அதுல ஒரு ஃபோல்டரைக் குறிச்சுட்டா 32-ம் 64-ம் அங்கயே வந்து பார்த்துக்கும்.

அக்கா: அதை எல்லா மெஷின்லயும் ஒரேயடியா போட்டுட வேண்டியதுதானே?

தம்பி: போடலாம்...

அக்கா: போட்டா?

தம்பி: இந்தப் புகார் டிக்கெட்டே வராதுக்கா. அப்ரைசல்ல எனக்குப் பெரிய நம்பரே இதுலதான்.